பாதிக்குப் பாதியா?



ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நிகழ்தகவு மிகச் சிறிய பாடம். ஒரு நிகழ்வு நடக்கவே நடக்காதா, நடக்க வாய்ப்புக் குறைவா, சமவாய்ப்பா, வாய்ப்பு அதிகமா, உறுதியாக நடக்குமா என்று கூறிக் காரணமும் தரவேண்டும். பெருக்கல் வாய்பாடுகூடத் தேவைப்படாது. எனவே தேர்வு நெருங்கும் வேளையில் ஐந்து சொற்களையும் மனனம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பயிற்சித் தாளுக்குச் சென்றுவிடுவது வழக்கம். ஆனால், இப்பாடத்தில்தான் மாணவர்களின் சிந்தனை எங்கே தடுமாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஒரு பையில் 9 சிவப்புக் கோலிகளும் 1 நீலக் கோலியும் உள்ளன. பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது நீலமாக இருக்கும் வாய்ப்பு எத்தகையது? நன்கு படிக்கும் மாணவர்கள்கூடச் சிலர் ‘சமவாய்ப்பு’ என எழுதுவர். காரணம் கேட்டால், “நீலம் வரும், இல்லாவிட்டால் வராது. இரண்டே முடிவுகள்தாம் ஆசிரியர். ஆகவே பாதிக்குப் பாதி” என்பர்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். முடிவுகள் இரண்டு என்பது உண்மை. ஆனால், அவ்விரண்டும் சம எடை உடையவை அல்ல. ‘நீலம் வரும்’ என்பதற்கு ஒரே வழி. ‘வராது’ என்பதற்கு ஒன்பது வழிகள். ஆகவே என் வகுப்பில் ஐந்து சொற்களைத் தொடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். மொத்தம் எத்தனை வழிகள்? அவை யாவும் சம வாய்ப்புடையவையா? அவற்றுள் நமக்கு வேண்டியவை எத்தனை? பத்தில் ஒன்று என்று எண்ணிவிட்ட மாணவன் ‘வாய்ப்புக் குறைவு’ என்ற சொல்லைத் தானே கண்டடைகிறான். காரணம் எழுதவும் அவன் திணறுவதில்லை.

இரண்டாம் கேள்வியில் பெரியவர்களும் இடறியிருக்கிறார்கள். நம் பத்துக் காசு நாணயத்தில் ஒருபுறம் செம்பருத்திப் பூ, மறுபுறம் எண். அதை இரண்டு முறை சுண்டினால், ஒரு முறையாவது பூ விழ எவ்வளவு வாய்ப்பு? இத்தகைய ஒரு கேள்விக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர், 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் மூன்றில் இரண்டு என்று விடை கூறினார். முதலிலேயே பூ விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். எனவே பூ, எண்-பூ, எண்-எண் என மூன்றே வழிகள் என்பது அவருடைய வாதம். ஆனால், முதல் வழிக்குள் பூ-பூ, பூ-எண் என இரண்டு வழிகள் ஒளிந்திருக்கின்றன. மொத்தம் நான்கு, வேண்டியவை மூன்று. சரியான விடை நான்கில் மூன்று. இதைக் கேட்டதும் மாணவர்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியைப் பார்க்கவேண்டுமே!

தேர்வறையிலும் இந்தப் ‘பாதிக்குப் பாதி’ உலவுகிறது. “தெரியாவிட்டால் ஒன்றைக் கருமையாக்கிவிடு, சரியாக இருக்கும், அல்லது தவறாக இருக்கும்” என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வர். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். 2021இல் நீக்கப்பட்ட யூபிஎஸ்ஆர் கணிதத்தின் முதல் தாளில் 40 கேள்விகள் இருந்தன. அனைத்தையும் அவ்வாறு விடையளித்தால் சராசரியாகப் பத்துதான் தேறும். ஒரு தவறான விடையை அறிந்து நீக்கினால் மூன்றில் ஒன்று. இரண்டை நீக்கினால்தான் பாதி. அந்தப் பாதியும் படித்தவனுக்கே கிட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாடத்தின்போது ஒரு மாணவி கை உயர்த்தினாள். “ஆசிரியர், நாலு நம்பரும் இப்படித்தானா? அப்பா வாரம் தவறாமல் வாங்குகிறார். விழும், இல்லாவிட்டால் விழாது என்பார்.” வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் பள்ளிப் பேருந்துக் கட்டணம் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதை நான் அறிவேன்.

ஒரு தந்தையை அவருடைய மகளின் முன்னிலையில் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. “நீயே எண்ணிப் பார்” என்றேன். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை முதல் மூன்றும், சிறப்புப் பரிசு பத்தும், ஆறுதல் பரிசு பத்துமாக 23. வெண்பலகையில் 23 என எழுதி, அதன்கீழ் 10,000 என எழுதினாள். முதல் பரிசுக்கு மட்டும் என்றால் மேலே 1. வகுப்பு அமைதியானது. “போன வாரம் விழாததால் இந்த வாரம் வாய்ப்புக் கூடுமா?” என்று ஒருவன் கேட்டான். கோலியைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டால் பை பழைய பைதானே என்று அவளே பதில் கூறினாள்.

“அப்பாவிடம் சொல்லலாமா, ஆசிரியர்?” என்று பிறகு தனியே வந்து கேட்டாள். “அறிவுரை சொல்லாதே அம்மா, கணக்கை மட்டும் காட்டு” என்றேன். அவர் என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்கள் குடும்பத்துச் செய்தி.

பெற்றோர்களே, இப்பாடத்தை இரண்டு மதிப்பெண் பாடமாக எண்ணிவிடாதீர்கள். வீட்டில் ஒரு பையும் பத்துக் கோலிகளும் போதும். “விழும், விழாது” என்று பிள்ளை சொல்லும்போதெல்லாம், “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்கப் பழகிய பிள்ளையை எளிதில் யாரும் ஏமாற்ற முடியாது.