முள் சரி, காது தப்பா?

கொல்கத்தாவில் பூஜை முடிந்ததும் காற்றில் ஈரம் குறைய ஆரம்பிக்கும். பியானோவின் உள்பலகை சுருங்கும், கம்பிகளின் இறுக்கம் தளரும், ஸ்ருதி இறங்கும். அதனால் கீழ்வீட்டு மாஷிமா வருஷா வருஷம் அந்த சமயத்தில்தான் ட்யூனரைக் கூப்பிடுவார். (வீட்டுக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடணும். நம்மூர் பெரியம்மா, சித்தி மாதிரி.) என் பெண் அந்தப் பியானோவில்தான் கற்றுக்கொள்கிறாள் என்பதால் இந்த முறை செலவு என்னுடையது.

வந்தவருக்கு எழுபது வயசு இருக்கும். பையில் ஒரு ட்யூனிங் ஃபோர்க், ஒரு சாவி, கொஞ்சம் ஃபெல்ட் துண்டுகள், அவ்வளவுதான். மூணு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பொட்டி தட்டுகிறவன் புத்தி சும்மா இருக்குமா? செல்போனில், கிடாருக்காக இறக்கி வைத்திருந்த ஆப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். நடு 'ஏ' சுத்தமாக 440 ஹெர்ட்ஸ். மேலே போகப் போக முள் வலப்பக்கம் சாய்ந்தது. கடைசி ஆக்டேவில் 25 சென்ட் அதிகம். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே மொத்தமே 100 சென்ட்தான்!

நேரே மாஷிமாவிடம் போய், "இவருக்குக் காது போயிடுச்சு போல. அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்க்கலாம்" என்றேன். முப்பது வருஷமாக அவர்தான் வருகிறாராம். மாஷிமா அவரைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. "உங்க போன் சொல்றபடியே வெச்சுடறேன், கேளுங்க தாதா" என்று மேலே நாலு சுரங்களை இறக்கினார். இப்போது முள் நட்ட நடுவில். என் பெண்ணை விட்டு மேல் 'ஏ'வையும் அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே இருப்பதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார்.

"அப்பா, மேல இருக்கிறது இறங்கிக் கேக்குதே!"

எனக்கும் கேட்டது.

விஷயம் இதுதான். ஒரு கம்பி அதிரும்போது அதன் மேல்சுரங்களும் கூடவே ஒலிக்கும். கணக்குப்படி அவை சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஆனால் பியானோ கம்பி விறைப்பான எஃகு. அதன் மேல்சுரங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். நம் காது மேல் 'ஏ'வை ஒப்பிடுவது அந்த ஏறிய சுரத்தோடுதான். எனவே ட்யூனர் மேலே கொஞ்சம் ஏற்றி, அடியில் கொஞ்சம் இறக்கி வைக்கிறார். சின்னப் பியானோவில் அடிக்கம்பிகள் குட்டை, அதனால் இழுப்பும் அதிகம் வேண்டும். பெரிய கிராண்டுக்குக் குறைவு. எல்லாப் பியானோவுக்கும் ஒரே எண்ணைக் காட்டும் ஆப்புக்கு இது தெரியாது.

அத்தோடு விடவில்லை. நடுவில் 'எஃப்', 'ஏ' இரண்டையும் சேர்த்து அழுத்தினார். நொடிக்கு ஏழு தடவை ஒரு நடுக்கம். "இது மட்டும் ஏன் நடுங்குது? பாட்டு கிளாஸ்ல காந்தாரம் இப்படி இல்லையே" என்றாள் பெண். தம்புராவில் ஸட்ஜத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரத்தைவிட இது 14 சென்ட் அதிகம். தெரிந்தே வைப்பதுதான். ஒரு ஸ்கேலில் சுத்தமாக்கினால் இன்னொரு ஸ்கேல் கேட்கச் சகிக்காது. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்ததற்கு, கமகம் வராது என்பதோடு இந்த மாதிரி நிலைத்த சுரங்களும் ஒரு காரணம்.

"பாப்பா எல்லா ஸ்கேலும் வாசிக்கணுமா?" என்றார்.

"ஆமா, பரீட்சை இருக்கு."

"அப்ப இந்த நடுக்கம் இருக்கட்டும்."

இறக்கின நாலு சுரங்களையும் காதாலேயே திரும்ப ஏற்றிவிட்டுப் பையைக் கட்டினார். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்ததை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த பூஜைக்கு அப்புறமும் அவர்தான் வருவார். மாஷிமாவிடம் நானே சொல்லிவிட்டேன்.