ஒன்பது மணிக்குப் பிறகு தூத்துக்குடி

கோவாவும் புதுச்சேரியும் போய் வந்த இளைஞர்கள் தூத்துக்குடியைப் பற்றி ஒரே குறைதான் சொல்கிறார்கள்: கடல் இருக்கிறது, ராத்திரி போக ஓர் இடம் இல்லை. முத்துநகர் கடற்கரையில் காற்று வாங்கிய குடும்பங்கள் நேரத்தோடு வீடு திரும்பிவிடுவது உண்மைதான். ஆனால் மீன்பிடித் துறைமுகத்தில் அப்போதுதான் சூடு பிடிக்கிறது.

இங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது விதி. அதனால் ஏலமும் ராத்திரியில்தான். படகு அணைந்த கையோடு இறாலும் கணவாயும் நண்டும் கூடை கூடையாகத் தளத்துக்கு வரும். ஏலம் விடுபவர் விலையை ஏற்றிக்கொண்டே நடப்பார். எதிரே நிற்கும் வியாபாரி வாய் திறப்பதில்லை, லேசாகத் தலையை அசைப்பதோடு சரி. அடுத்த நிமிஷம் அந்தக் கூடையில் ஐஸ் விழுந்திருக்கும். பதினாறு மணி நேரம் கடலில் கிடந்தவர்கள் உப்புப் படிந்த முகத்தோடு ஓரமாக நின்று, அன்றைய பங்கு எவ்வளவு தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலமான 61 நாளும் இந்தத் தளம் வெறிச்சோடிக் கிடக்கும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேலை முடிந்தவர்களுக்குப் பசி. பெயர்ப் பலகையிலேயே 'நைட் கிளப்' என்று எழுதியிருக்கும் பரோட்டா கடைகள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. நடுவில் குழிந்த கல்லில் எண்ணெய் தளதளக்கும். ஓரத்தில் வெந்த பரோட்டாவைக் குழிக்குள் தள்ளிப் பொரித்தெடுத்து, இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றுவார்கள். மொறுமொறுப்பு அடங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

ராத்திரியில் உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தோணிகள் நள்ளிரவுக் கரைக்காற்றில் பாய் விரித்து, விடியும்போது கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பார்களின் மேல் நின்றன. பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பின. கடைசிக் குளிப்பு 1961இல். இன்று மூழ்குபவர்கள் சங்குக்காக மூழ்குகிறார்கள்.

கடைகள் மூடும் நேரத்தில் உப்பளத்துக்காரர்கள் எழுந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டுமே! பெண்கள் டார்ச் விளக்கோடு இருட்டில் வரப்பில் நடக்கிறார்கள். சுற்றுலாவுக்கென்று கடற்கரையில் வண்ண விளக்கு போடத் திட்டமிடுகிறவர்கள், அளத்துக்குப் போகும் பாதைகளுக்கு முதலில் வெளிச்சமும் அங்கே கழிப்பறையும் தரவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உழைக்கிற ஜனம் ராத்திரியை வேடிக்கை பார்க்கவும் ஒரு காலம் வரும். ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. மும்பையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் லீவு சொல்லி வந்துவிடுவார்கள். 1713இல் எழுந்த அந்தக் கோயிலைச் சுற்றி விளக்குகள், ராட்டினம், வளையல் கடை, எந்தச் சாதி மத வேறுபாடும் இல்லாத கூட்டம். கடலுக்குப் போகிறவரும் அளத்துக்குப் போகிறவரும் அந்த நாட்களில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாமம் தாண்டியும் நடப்பார்கள். ஊருக்கு வர நினைப்பவர்கள் அப்போது வாருங்கள். இந்த ஊரின் பேர்போன இனிப்பான மக்ரூன் வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.