பழைய காரும் பட்ஜெட் எஞ்சினும்

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு ஒரு வியாதி உண்டு. காரின் விலையை விட எஞ்சினுக்கு ஆகும் செலவு கூடிவிடும் என்று தெரிந்தே எஞ்சினைக் கீழே இறக்கிவிடுவார்கள். பணம் இருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. வாரம் முழுக்க வேலைக்குப் போய், சனி ஞாயிறு மட்டும் வீட்டு ஷெட்டில் ஸ்பானர் பிடிக்கும் ஆசாமிக்கோ அது ஒரு வருஷத்துச் சேமிப்பு. ஒரு தப்புக் கணக்கு போதும், அந்தச் சேமிப்பு இரும்புத் தூளாக ஆயில் சம்பில் படுத்துக் கிடக்கும்.

இப்படிப்பட்ட ஆசாமிகளின் செல்லப்பிள்ளை செவர்லேயின் 350 எஞ்சின். 1955-இல் வந்த 'ஸ்மால் பிளாக்' வி8 குடும்பத்தைச் சேர்ந்தது; 1967-இல் கமாரோ காரில் அறிமுகமானது. 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த தலைமுறைகளையும் சேர்த்து, பத்துக் கோடியாவது எஞ்சின் 2011-இல் தயாரானது. இவ்வளவு உற்பத்தியானால் என்ன ஆகும்? பழைய இரும்புக் கடையிலெல்லாம் கிடைக்கும், உதிரி பாகம் செய்ய ஆயிரம் பேர் போட்டி போடுவார்கள், விலை இறங்கும். பொருளாதாரம் முதல் பாடம்!

இந்த எஞ்சினுக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1970-இல் கார்வெட் காரில் வந்த எல்டி-1 என்ற 350-க்கு 370 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். 1975-இல் அதே கார்வெட்டின் அடிப்படை 350-க்கு வெறும் 165. ஐந்து வருஷத்தில் பாதிக்கும் கீழே! இதில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வேலை இருக்கிறது. முன்பு ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி அளந்தார்கள். 1972 முதல், காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். மொத்த லாபத்துக்கும் நிகர லாபத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். மீதி நிஜமான இழப்பு. புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் ஈயமில்லாத பெட்ரோலுக்காகவும் 11:1 ஆக இருந்த கம்ப்ரஷனை 8.5:1 ஆக்கினார்கள்.

ஆக, எழுபதுகளின் கார் வைத்திருப்பவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எஞ்சினிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தாலே போதும். கேள்வி, கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதுதான்.

பலரும் கண்ணுக்குத் தெரிகிற சாமான்களில் ஆரம்பிப்பார்கள். பளபளக்கும் அலுமினிய இன்டேக், குரோம் மூடி, பெரிய கார்புரேட்டர். பானட்டைத் திறந்தால் நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஆனால் எஞ்சின் பாகங்களை இரண்டே வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றக்கூடியவை ஒன்று. பிரித்தால்தான் மாற்றக்கூடியவை இன்னொன்று. கார்புரேட்டர் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலை நேரத்தில் மாற்றிவிடலாம். பேரிங் சரியில்லை என்றால்? எஞ்சினை மறுபடி இறக்கி, எல்லா கேஸ்கட்டும் புதிதாக வாங்கி, மறுபடி லேத் பட்டறை வாசலில் நிற்க வேண்டும். ஒரு சாமானின் உண்மையான விலை கடைக்காரர் சொல்லும் விலை மட்டும் அல்ல. அது தப்பாகப் போனால் திரும்பி வர ஆகும் செலவும் சேர்ந்ததுதான்.

அந்தக் கணக்கில் முதல் பணம் போக வேண்டியது பட்டறைக்கு. பிளாக்கைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலையே. பல வருஷம் ஓடிய சிலிண்டர் வட்டமாக இருக்காது. மேலே அகன்று கீழே குறுகியும் இருக்கும். நாலு அங்குல சிலிண்டரை 0.030 அங்குலம் ரீபோர் செய்தால் 350 என்பது 355 ஆகும். கூடுகிற கொள்ளளவு சுமார் ஒன்றரை சதவீதம்தான். அப்புறம் எதற்கு ரீபோர்? சிலிண்டர் மறுபடி நேராக, வட்டமாக வருவதற்கு. அப்போதுதான் ரிங் சுவரோடு ஒட்டி உட்காரும், எரிந்த வாயு கீழே தப்பிப் போகாது. ஹோனிங் செய்யும்போது ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு கனமான தகட்டை முறுக்கி வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் லேசாகக் கோணுவதால், கோணிய நிலையிலேயே வட்டமாக்கிவிடும் தந்திரம் இது.

கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.002 அங்குலம். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அந்த இடுக்கில் நிற்கும் ஆயில்தான் முழு எஞ்சினையும் தாங்குகிறது. அதை அளக்க மெல்லிய பிளாஸ்டிக் நூல் ஒன்று விற்கிறது. பேரிங்கில் வைத்து முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். விலை அற்பம். குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூட்டாது. ஆனால் இதைச் செய்யாமல் மூடிய எஞ்சினை நம்பி நெடுஞ்சாலைக்குப் போவது சூதாட்டம்.

மிதமான வேகத்துக்குப் பழைய கிராங்க்கும் கனெக்டிங் ராடும் தாராளமாகப் போதும். ஆனால் ராட் போல்ட்டுகள் மட்டும் புதிதாக, நல்லதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட் அறுந்தால் ராட் பிளாக்கின் சுவரில் ஜன்னல் வைத்துவிடும். காற்றோட்டமான எஞ்சின் :-)

நிஜமான சக்தி இருக்கும் இடம் ஹெட். 1996 முதல் வந்த செவர்லே பிக்கப், வேன் எஞ்சின்களின் 'வோர்டெக்' இரும்பு ஹெட்டுகள் பட்ஜெட்காரர்களுக்குக் கிடைத்த புதையல். காற்று நன்றாகப் பாயும், பழைய இரும்புக் கடை விலையிலும் கிடைக்கும். ஆனால் ஒன்று வாங்கினால் இரண்டு தலைவலி இலவசம். பழைய இன்டேக் அதில் உட்காராது, அதற்கென்று தனி இன்டேக் வேண்டும். சூடேறி அடிபட்ட ஹெட் என்றால் வால்வு சீட்டருகே விரிசல் இருக்கலாம், சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழுபதுகளின் பல ஹெட்டுகளில் எரியும் அறை 76 சிசி. வோர்டெக்கில் 64 சிசி. தட்டையான பிஸ்டனும் மெல்லிய 0.015 அங்குல கேஸ்கட்டும் போட்டால், 76-க்குக் கம்ப்ரஷன் சுமார் 9:1. அதே பிஸ்டன், அதே கேஸ்கட், ஹெட் மட்டும் 64 என்றால் 10-ஐத் தாண்டிவிடும். சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கலாம். 'இப்போதைக்குப் பிஸ்டன், ஹெட்டைப் பிறகு பார்க்கலாம்' என்பவர் இரண்டு முறை பிஸ்டன் வாங்குவார். கடைசியில் எது மாட்டப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் முதல் சாமானே வாங்க வேண்டும்.

அடுத்து கேம். பழைய பாணி கேமில் லிஃப்டர் உருளாமல் உரசியே ஓடும். அந்த உரசலைத் தாங்க உதவியது ஆயிலில் கலந்த துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். அது கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால் இன்றைய கார் ஆயில்களில் அளவைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே இதற்கென்று விற்கும் ஆயில் வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும், கிராங்க் வாரி இறைக்கும் ஆயில் கேமுக்குப் போய்ச் சேர. தவறினால் கேம் தேயும். அந்தத் தூள் புதிய பேரிங்குகளுக்கெல்லாம் பயணம் போகும். 1987 முதல் கார்களில் ரோலர் லிஃப்டர் வந்தது. அப்படிப்பட்ட எஞ்சின் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைத்தாலும் யோசிக்காமல் வாங்கலாம். ஒரு பெரிய பயம் ஒழியும்.

கடைசியில் கார்புரேட்டர். 355 கன அங்குலம், 5500 ஆர்பிஎம். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்பினாலும் நிமிஷத்துக்குத் தேவைப்படும் காற்று சுமார் 565 கன அடிதான். 600 அளவே போதும். 750 வாங்குபவர் பெயருக்காக வாங்குகிறார். மெதுவாகப் போகும்போது எஞ்சின் மூச்சுத் திணறுவது இலவச இணைப்பு.

எஞ்சினோடு பட்ஜெட் முடிந்துவிடாது. பலம் கூடினால் ரேடியேட்டர், கிளட்ச், டயர் எல்லாம் பங்கு கேட்கும். பிரேக்கும் கேட்கும், அதற்கு மட்டும் இல்லை என்று சொல்லக்கூடாது. ஓட வைப்பது எஞ்சின் என்றாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பிரேக்தான்.

பணம் குறைவாக இருப்பவர் மட்டமான எஞ்சின்தான் செய்ய முடியும் என்று எந்த விதியும் இல்லை. அவரால் முடியாதது ஒன்றுதான், ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. அதனால் உள்ளே போவதில் கஞ்சத்தனம் வேண்டாம், வெளியே மாட்டுவதில் அவசரம் வேண்டாம். குரோம் மூடி அடுத்த வருஷமும் கடையில் இருக்கும்.