பொதியும் பந்தியும்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் போனால் ஊர்ச் சாமான் விற்கிற கடைகளும் முருகன் கோயிலும் உடனே கண்ணில் படும். தமிழ்ச் சபைகள் அப்படிப் படுவதில்லை. அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆங்கிலச் சபையொன்றின் தேவாலயத்தை ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகின்றன. அதே வளவிலுள்ள மண்டபத்தில் கிழமை நாளில் உணவு வங்கி நடப்பதும் உண்டு. ஞாயிறு பாடுகிறவர்களும் கிழமை நாளில் வரிசையில் நிற்பவர்களும் ஒரே படலையால் உள்ளே போகிறார்கள். ஒருவரை ஒருவர் காண்பது அரிது. புலம்பெயர்ந்த நாட்டில் ஏழைகளிடையே நடக்கும் கிறிஸ்தவ ஊழியத்தின் பலமும் குறையும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே தெரிகின்றன என்பது என் எண்ணம். பசித்தவருக்கு உணவு கொடுக்கச் சபைகள் நன்றாகப் பழகிவிட்டன. அவரோடு இருந்து சாப்பிட இன்னும் பழகவில்லை. பந்தியில் யார் யாரோடு இருக்கலாம் என்பதற்காகவே நீண்டகாலம் மல்லுக்கட்டிய யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கத்தவருக்கு இந்தக் குறை மற்றவர்களைவிட முதலில் உறைக்க வேண்டும்.

உணவு வங்கியின் நடைமுறையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வழக்கமாக வைத்தியரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை நிலையமோ ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும். மண்டபத்தில் அதைக் கொடுத்தால் மூன்று நாளுக்கான பொதி கிடைக்கும்: தகரத்தில் அடைத்த அவரை, சூப், பாஸ்தா, பழுதாகாத பால், சீரியல். இந்த வேலையில் மிகப் பெரிய அமைப்பான டிரஸல் 2023-24 இல் வழங்கிய பொதிகள் 31 லட்சத்துக்கும் மேல். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் பாடு இன்னும் இறுக்கம். சாதாரணமாக அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 12 மாதம் கடந்தால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறித்த சில தொழில்களுக்கு மட்டும். தானே சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு 2024 இல் அரசு வைத்த உதவிப்பணம் வாரத்துக்கு 49.18 பவுண்ஸ். சாப்பாடு, உடுப்பு, பஸ் காசு, போன் காசு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அவருக்குப் பொதி தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பொதி கைமாறியதும் உறவும் முடிந்துவிடுகிறது. சில இடங்களில் தேநீரும் பேச்சும் உண்டு. என்றாலும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்த மேசையின் பிரச்சினையைக் கிழக்கு லண்டன் முன்பே கண்டிருக்கிறது. வில்லியம் பூத் 1865 இல் வைட்சப்பலில் தொடங்கிய ஊழியமே பின்னர் இரட்சணிய சேனை ஆனது. 1888 இல் லைம்ஹவுஸில் அவர்கள் திறந்த உணவுச் சாலையில் சாப்பாடு இலவசம் இல்லை. ஏழை கொடுக்கக்கூடிய அற்ப விலைக்கு விற்றார்கள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் கையேந்தி நிற்கவேண்டியதில்லை என்பது அதற்குள் இருந்த கணக்கு. சாமுவேல் பார்னட் என்ற குருவானவர் 1884 இல் நிறுவிய டொயின்பி ஹோல் இன்னொரு வழியைப் பிடித்தது: படித்த இளைஞர் ஏழைகளின் தெருவிலேயே வந்து குடியிருக்கவேண்டும். இரண்டிலும் மேலிருந்து இரங்குகிற தொனி இல்லாமலில்லை. ஆனாலும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே கிடக்கும் தூரமும் வறுமையின் ஒரு பகுதி என்பதை இரண்டும் கண்டுகொண்டன.

சுன்னாகம் பகுதியின் சரித்திரமும் இதையே வேறு வழியாகச் சொல்கிறது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனின் கைவண்ணம் சுன்னாகத்தைச் சுற்றி எங்கும் தெரியும்: 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலை, 1898 இல் இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் ஆஸ்பத்திரி. படிப்பையும் மருந்தையும் தாராளமாகக் கொடுத்த மிஷன், சாப்பாட்டு விஷயத்தில் சாதியோடு பலமுறை சமரசம் செய்தது. மதம் மாறியவர்கள்கூடச் சாதியை விடவில்லை. 1930 அளவில் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வந்தபோது சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாகின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்திப் போசனத்தைப் பெரிய கிளர்ச்சியாக எடுக்கவேண்டி வந்ததும் அதனால்தான். இந்தச் சூழலில்தான் 1939 இல் சேவக் செல்வரத்தினம் சுன்னாகம் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கினார். 1921 இல் தமிழ்நாட்டுத் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் அமைத்த கிறிஸ்துகுல ஆச்சிரமத்தின் வழியிலேயே இதுவும் வந்தது: எளிய உடை, உடலுழைப்பு, ஒரே கூரை, ஒரே சாப்பாடு. கொடுக்கிறவர் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பரிமாறுவது அந்த முறைக்குள் அடங்காது.

பசித்தவருக்கு முதலில் சோறு, பந்தித் தத்துவம் பிறகு என்று சிலர் சொல்வார்கள். சரிதான். பந்தி வைப்பதற்காகப் பொதியை நிறுத்தச் சொல்லவில்லை. பொதியோடு நின்றுவிடாதே என்பதே கோரிக்கை. இதைவிடக் கனமான ஆட்சேபம் எங்கள் ஊரிலேயே பிறந்தது: சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பது. அதை அவதூறு என்று தள்ள முடியாது. மிஷன் பள்ளிகளில் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே முடிச்சு இருந்தது. அதற்கு மாற்றாக 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பின்னர் 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து, பசிக்கு மதம் பார்க்கத் தேவையில்லை என்பதையும் காட்டினார். இன்று லண்டனின் சைவக் கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. சீக்கியரின் குருத்துவாராவில் யார் வந்தாலும் தரையில் சமமாக இருத்திச் சாப்பாடு போடுகிறார்கள். எனவே சபை வைக்கும் பந்தியில் பிரசங்கம் கேட்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. அதைவிட, நிபந்தனையும் வற்புறுத்தலும் ஒளிந்துகொள்ள வசதியான இடம் பொதி கொடுக்கும் மேசைதான். ஒன்றாய்ச் சமைத்து ஒன்றாய்ச் சாப்பிடுகிற இடத்தில் வந்தவரும் வாய் திறப்பார், மறுப்பார், கேள்வி கேட்பார்.

இன்னொரு ஆட்சேபம் அரசியல் சார்ந்தது: சபை சோறு போடப்போட அரசு தன் கடமையிலிருந்து நழுவுகிறது. இதிலும் உண்மை உண்டு. பதில் அதே கிழக்கு லண்டனில் கிடைக்கிறது. பூத் காலத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பொஸ்பரஸ் வேலையாட்களின் தாடையெலும்பையே அரித்தது. நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுவதோடு இரட்சணிய சேனை நிற்கவில்லை. 1891 இல் போ பகுதியில் ஆபத்தில்லாத சிவப்புப் பொஸ்பரஸில், கூடிய கூலிக்கு, தானே ஒரு தொழிற்சாலை நடத்திக் காட்டியது. அது நீண்டநாள் நிலைக்கவில்லை. ஆனால் வேறு வழி உண்டு என்று நிரூபித்தது. 1908 இல் வெள்ளைப் பொஸ்பரஸ் தீக்குச்சியைச் சட்டமே தடைசெய்தது. ஏழையோடு நெருங்கியிருப்பவருக்குத்தான் எந்தச் சட்டம் எந்த இடத்தில் அவரை அழுத்துகிறது என்று தெரியும். வேலை அனுமதி இல்லாமல் மாதக்கணக்கில் ஓர் அறைக்குள் இருப்பது என்ன என்பதைப் பொதியின் நிறை சொல்லாது. ஒரே பந்தியில் இருந்து பேசும்போது தெரியவரும்.

நாங்களே வந்தேறிகள், வீட்டுக்கடனும் இரவு வேலையுமாய்க் கிடக்கிறோம், எங்களால் என்ன செய்ய முடியும் என்பது கடைசிச் சாட்டு. ஊருக்குத் தாராளமாய்க் காசு அனுப்பும் சபைகளுக்கு அது முழுதாய்ப் பொருந்தாது. இதற்குப் பணமும் அதிகம் தேவையில்லை. பொதி வாங்க வருகிறவரைச் சமையலுக்குக் கூப்பிடலாம். புட்டும் சொதியும் தமிழருக்கு மட்டும் சமைத்து முடிக்கிற சாப்பாடு அல்ல. பரிமாறும் முறைப்பட்டியலில் அவர் பேரை எழுதலாம். மண்டபச் சாவியை அவரிடமும் நம்பிக் கொடுக்கலாம். ஊழியக் குழுவில் அவருக்கு ஓரிடம் கொடுக்கலாம். கடைசி இரண்டும்தான் கடினம். எந்தச் சபை அவற்றைச் செய்கிறதோ அதற்கே ஐக்கியம் என்ற பேர் பொருந்தும். சாதியை வைத்துப் பந்தியைப் பிரித்த பிழையை யாழ்ப்பாணத்துச் சபைகள் உணர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இன்னும் முற்றாகத் திருந்தவில்லை. அதே பிரிப்பை விசாவையும் சம்பளத்தையும் வைத்து லண்டனில் திரும்பச் செய்ய எங்களுக்கு ஒரு நியாயமும் இல்லை.