பாகூர் வைக்கோலும் வில்லியனூர் நேர்ச்சையும்

எண்பது அகவையைக் கடந்த என் அன்னைக்கு ஒரு நேர்ச்சை நிறைவேறாதிருந்தது. வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழா நாட்களில் குளக்கரையில் அமர்ந்து செபமாலை சொல்ல வேண்டும். மருத்துவரோ, "வெயில் ஆகாது, இதயம் தளர்ந்திருக்கிறது" என்று எச்சரித்திருந்தார்.

எங்கள் கார் இருபதாண்டு கண்டது. அதன் ஏ.சி. பதினைந்து நாட்களாக விந்தையாக நடந்துகொண்டது. வண்டி ஓடினால் குளிர்ந்த காற்று, நின்றால் அனல்! கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் பெருந்தொகை கேட்டனர். வருவது வரட்டும் என்று ஒரு சித்திரைக் காலையில் கடலூரிலிருந்து புறப்பட்டோம்.

பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே அதன் பேரேரியை நிரப்புகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கே ஒரு கல்விச்சாலை இருந்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் உரைக்கின்றன. இன்றும் அறுவடைக் காலத்தில் சாலையெங்கும் நெல்லும் வைக்கோலும் பரந்து கிடக்கின்றன.

ஊருக்குள் டிராக்டர்கள் வழிமறிக்க, வண்டி நின்றது. அன்னையின் முகம் வியர்த்து வெளிறியது. என் நெஞ்சு பதறியது. அருகிலிருந்த கீற்றுக் கொட்டகையில் ஓர் இளம் மெக்கானிக் இருந்தார். அவர் முதலில் அன்னையை நிழலில் அமர்த்தி நீர் கொடுத்தார். பிறகே வண்டியைத் தொட்டார்.

ஏ.சி.யைப் போட்டதும் 'டக்' என்று கம்ப்ரஸர் பிடித்தது. "இது நன்றாக இருக்கிறது, ஐயா. முன்பக்க விசிறிதான் சுற்றவில்லை" என்றார். வாயுவின் வெப்பத்தை வெளியேற்றுவது, ரேடியேட்டர் முன்னுள்ள கண்டென்சர். ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறி சுழன்றாக வேண்டும். முன்பு இவ்வழியே வந்தபோது புகுந்த வைக்கோல் விசிறியின் இறக்கைகளில் சிக்க, ஃபியூஸ் எரிந்திருந்தது! வைக்கோலை நீக்கினார். மெல்லிய தகடுகள் மடங்காதபடி குறைந்த வேகத்தில் நீர் பாய்ச்சிக் கண்டென்சரைக் கழுவினார். புதிய ஃபியூஸைப் பொருத்தினார். நின்ற வண்டியிலேயே குளிர் பரவிற்று. அவர் கேட்ட கூலியோ மிகச் சிறிது.

"கேஸ் குறைந்தது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே" என்றேன். "பாட்டியின் முகத்தைப் பார்த்த பிறகு எப்படி ஐயா பொய் சொல்வது?" என்றார்.

கரிக்கலாம்பாக்கம் கடந்து வில்லியனூர் சேர்ந்தோம். ஆண்டுதோறும் பிரான்சு நாட்டு லூர்து நகரின் ஊற்றுநீர் கலக்கப்படும் திருக்குளம் அமைதியாக விளங்கியது. அன்னை படியில் அமர்ந்து செபமாலையைக் கையிலெடுத்தார். முதல் பத்து மணிகளை யாருக்காக ஒப்புக்கொடுத்தார் தெரியுமா? பெயர்கூடக் கேட்க மறந்த அந்தத் தம்பிக்காக.

நல்ல சமாரியர் இன்றும் சாலையோரத்தில்தான் இருக்கிறார். அவர் கைகளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கலாம். நாம்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.