ஏரிக்குப் போகும் முன் தூங்க வேண்டும்

திங்கள்

அண்ணன் மகள் இன்றும் ஐந்து மணிக்கு எழுந்து பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விட்டாள். நேற்றிரவு அவளுடைய அமெரிக்க அழைப்பு முடியவே பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் சாப்பாடு, கைப்பேசி. அவள் அறையில் விளக்கு அணைந்தபோது மணி ஒன்று. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து இதுதான் வழக்கமாகிவிட்டது. "தூக்கம் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்ல அத்தை, வாக்கிங் மட்டும் நிக்கக் கூடாது" என்கிறாள். அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் நடைக்கான ஒரு மணி நேரத்தை அவள் தூக்கத்திலிருந்து எடுக்கிறாள் என்பது என்னை உறுத்துகிறது.

செவ்வாய்

ஏரியை ஒட்டியே மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் முகாம். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு. அதன் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது வழக்கம். கரையில் நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் ராணுவக்காரர்களின் விடியற்காலை ஓட்டத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். முகாமில் இரவு விளக்கணைக்கவும் ஒரு நேரம் உண்டு, அதைச் சொல்வாரில்லை. பிரம்ம முகூர்த்தப் பேச்சும் அப்படியே. நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்த நம் பாட்டிமார் எட்டரைக்குப் பாய் விரித்தவர்கள்.

புதன், இரவு

அழைப்புக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். எடை கூடிய பத்துப் பேர். உணவைக் குறைத்து, பதினான்கு நாள் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்கவிட்டார்கள். இன்னொரு முறை அதே அளவு உணவு, அதே பதினான்கு நாள். படுக்கை நேரம் மட்டும் ஐந்தரை மணி. இரண்டு முறையும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றுதான், மூன்று கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு. மீதியெல்லாம் தசை முதலான, உடம்பு இழக்கக் கூடாத பகுதி.

"அப்போ மெஷின்ல காட்டுற எடை?"

"கொழுப்பு போச்சா, தசை போச்சான்னு மெஷினுக்குத் தெரியாதும்மா."

சிறிய ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கணக்கு எனக்குத் திகிலாக இருக்கிறது. சர்க்கரை எல்லையில் நிற்கிறவளுக்குத் தசைதான் காவல். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். அதை இழந்து எடை குறைப்பது வீட்டை விற்று வட்டி கட்டுவதைப் போன்றது.

பசிக்கும் இதில் பங்குண்டு. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களிடம் இதை அளந்தார்கள். இரண்டே இரவு நான்கு மணி நேரத் தூக்கத்தில் இந்த மாற்றம் தெரிந்தது. இனிப்பு, மாவுப் பண்டங்கள் மீதுதான் அவர்களுக்கு ஆசை அதிகம் போயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு ஐயங்கார் பேக்கரி வாசலில் காரா பன்னுக்கும் தில்பசந்துக்கும் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களில் எத்தனை பேர் நேற்றுத் தூங்கினார்களோ என்று நினைத்துக்கொள்வேன். மனக்கட்டுப்பாடு இல்லை என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

வியாழன்

தூங்கினால் போதும், நடக்க வேண்டாம் என்று அவள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பயிற்சி செய்கிற உடம்புக்குத் தூக்கமும் நன்றாக வரும். வேண்டியது நேரத்தை மாற்றுவதுதான். வேலை முடிந்து மெட்ரோவில் வருகிறவள் அல்சூர் வரை வராமல் இந்திராநகரில் இறங்கி, சி.எம்.எச். சாலை வழியே நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கணக்காகிவிடும். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் இன்னொரு சுற்று. இரவுச் சாப்பாடு அழைப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுவது கூடுதல் லாபம். வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அழைப்பு முடிந்ததும் கைப்பேசி கூடத்தில், அவள் படுக்கையில். அலாரம் ஏழு மணிக்கு.

கைப்பேசிக்கு மட்டும் முகம் சுளித்தாள். மற்றதற்குச் சரி என்றாள்.

சனி

"ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கி ஈடுகட்டிக்கறேனே" என்று கேட்டாள். ஓரளவு கடன் தீரும். ஆனால் உடம்பின் கடிகாரம் தள்ளிப்போய், ஞாயிறு இரவு தூக்கம் பிடிக்காது. நமக்குள் அப்படியொரு கடிகாரம் ஓடுவதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் ஆராய்ந்தார், வெயிலும் கடிகாரமும் தெரியாத தனி அறையில் ஆட்களைத் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தார். பின்னாளில் அவர் பணியாற்றியது நம் பெங்களூரில், ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில். வெளியே வெளிச்சம் இல்லாவிட்டாலும் உள்ளே கடிகாரம் ஏறத்தாழ ஒரு நாள் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

ஞாயிறு

எட்டு மணிக்குள் எழுந்துவிட்டாள். நாலு மணிக்குப் பேக்கரி ஞாபகம் இந்த இரண்டு நாளாக வரவில்லை என்கிறாள். 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வு நினைவுக்கு வந்தது: ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய எண்பது பேரில், தூக்கத்தை ஒரு மணிக்குச் சற்று மேல் கூட்டிக்கொண்டவர்கள், யாரும் உணவைக் குறைக்கச் சொல்லாமலே, மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள்.

இதைப் படிக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் 'நடைப்பயிற்சி' என்று எழுதும்போது, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்கிறார்.