வராத நாட்களுக்கான பாடம்

வகுப்பறைக்குள் நுழைந்ததும் அக்கா முதலில் ஜன்னலைப் பார்த்தார். பையனைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நான்காம் வகுப்பு. காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே முதல் பெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. கரும்பலகை நன்றாகத் தெரியட்டும் என்று வகுப்பாசிரியர் அக்கறையோடு அவனை அங்கேதான் உட்கார வைத்திருந்தார். பிறவியிலேயே நிறமி இல்லாத பையன். வெளுத்த முடி, வெளுத்த இமை, ஓரிடத்தில் நிற்காமல் ஆடும் கண்மணி. வெயில் பட்டால் அவனால் கண்ணைத் திறக்க முடியாது.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி அது. நான் இரண்டு சிறப்பாசிரியைகளோடு போயிருந்தேன். ஒருவர் பல வருடங்களாக இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்வருகிறவர். மற்றவர் புதிதாகச் சேர்ந்த இளம்பெண். மூத்தவரை ‘அக்கா’ என்று அவர் கூப்பிட, நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். பள்ளிகளில் இருவருமே ‘ஸ்பெஷல் டீச்சர்’தான். தமக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. வட்டார வள மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ், ஷேர் ஆட்டோ, மிச்ச தூரம் நடை. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது இந்த வேலைக்குக் கிடைத்த பெரிய ஒத்தாசை. ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனால், அதே பிள்ளையிடம் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். மழையோ கூட்டமோ குறுக்கிட்டால் இரண்டு வாரமும் ஆகும்.

“என்ன பார்த்த?” என்று கேட்டார் அக்கா.

இளையவர் கோப்பைத் திறந்து, சான்றிதழில் இருந்த சதவீதத்தைப் படித்தார்.

“அது டாக்டர் பார்த்தது. நீ என்ன பார்த்த?”

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளவைத் தெளிவாகத்தான் சொல்கிறது. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வைக் கூர்மை 3/60க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. 6/18க்குக் கீழே 3/60 வரை இருந்தால் குறைபார்வை. உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் அந்த அளவை வைத்துச் சான்றிதழில் போடும் எண் வேண்டும். பையனை எங்கே உட்கார வைப்பது என்பதை அந்த எண் சொல்லாது. அவன் புத்தகத்தை எவ்வளவு கிட்டத்தில் பிடிக்கிறான், எந்த வெளிச்சத்தில் முகத்தைச் சுளிக்கிறான், வராந்தாப் படியில் காலை எப்படி வைக்கிறான் என்று ஒருவர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சும்மா உட்காரும் நேரத்தை எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது வேறு விஷயம்.

கால் மணி நேரம் கழித்து இளையவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பையன் படிக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறான். “நேரா உட்காருன்னு சொல்லட்டுமா?” என்றார். அக்கா அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். ஆடும் கண்மணிக்கு ஏதாவது ஒரு கோணத்தில் ஆட்டம் குறையும். அந்தக் கோணத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துவிடுகிறார்கள். தலையை நேராக்கினால் எழுத்து மறுபடி ஆடும். வீட்டிலும் பள்ளியிலும் எத்தனை பேர் அவன் தலையைப் பிடித்து நேராக்கினார்களோ!

பிறகு நடந்தது பத்து நிமிட வேலை. ஜன்னல் முதுகுப்புறம் வருகிற இடத்துக்கு அவனை மாற்றினார்கள். வகுப்புக்குள்ளும் விளிம்பு வைத்த தொப்பி போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். பென்சிலுக்குப் பதில் தடித்த கறுப்பு ஸ்கெட்ச், புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு பரீட்சை அட்டை. வகுப்பாசிரியரிடம் அக்கா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “சார், போர்டுல எழுதும்போது வாயாலயும் சொல்லிக்கிட்டே எழுதுங்க. ‘இதை இதோட கூட்டு’ன்னா அவனுக்கு எது எதுன்னு தெரியாது.”

பார்வையற்ற பிள்ளை என்றால் பாளையங்கோட்டை, பூந்தமல்லி என்று விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதுதான் ஒரு காலத்தில் வழக்கம். ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைப்பதற்கு 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் அதற்கான ஆசிரியர்களை உருவாக்கியது. அங்கே பணியாற்றிய எம்.என்.ஜி. மணி பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது பற்றி எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. 2018க்குப் பிறகு எல்லாம் சமக்ர சிக்ஷா என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆசிரியர் படித்துவிட்டு வருவதோ அதில் ஏதோ ஒரு பிரிவை. இந்த இளம்பெண் படித்தது அறிவுசார் குறைபாடு. பிரெய்லி அவருக்குப் புத்தகத்தில் கண்ணால் பார்த்துப் பழகியது. அதை விரலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதை அக்காவிடம்தான் கற்றுக்கொள்கிறார். இதற்கென்று உத்தரவு எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் நடக்கும் படிப்பு இது.

மதியம் போன வீட்டில் ஏழு வயதுப் பெண். பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. திண்ணையில் பாட்டி மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். இளையவர் பையிலிருந்து பிரெய்லி ஸ்லேட்டை எடுத்தார். அக்கா, “அது இப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டுப் பாட்டியிடம், “பல்லாங்குழி இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. அதை நெட்டுவாக்கில் திருப்பி, மேலே மூன்று வரிசையை விட்டுவிட்டு மீதிக் குழிகளைத் துணியால் மூடினார். ஆறு குழி. இடப்பக்கம் மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றாம் குழியில் மட்டும் புளியங்கொட்டை போட்டால் ‘அ’. ஒன்றிலும் மூன்றிலும் போட்டால் ‘க’. ஒன்று, மூன்று, நான்கு என்றால் ‘ம’.

இளையவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குழியில் வைக்கப் போனார். கை விறைத்துக்கொண்டது. “பிடிச்சு இழுக்காதே. உன் கையை அடியில வை, அவ கை மேல இருக்கட்டும்” என்றார் அக்கா. அப்படி வைத்தால், பிடிக்காதபோது பிள்ளை கையை எடுத்துக்கொள்ளலாம். பார்வை உள்ள பிள்ளையின் கண்ணை யாரும் பிடித்துத் திருப்புவதில்லை. பார்வையில்லாத பிள்ளையின் கையை மட்டும் போகிற வருகிறவர்கள் எல்லாம் பிடித்து எதன் மீதாவது வைக்கிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் விரல், ஆசிரியையின் விரலைத் தொற்றிக்கொண்டு குழி குழியாக இறங்கியது.

தமிழ் பிரெய்லி எழுதப்படும் விதம் எனக்குப் புதிது. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்லியின் வழி அது. கொம்பு, கால், சுழி எதுவும் கிடையாது. ‘மா’ என்றால் ம, அதை அடுத்து ஆ. ‘கொ’ என்றால் க, அதை அடுத்து ஒ. மெய்யெழுத்துக்கான புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால், தனிக் கட்டத்தில், நான்காம் புள்ளியாக வந்துவிடுகிறது. ஆக, ‘அம்மா’வுக்கு ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. ஸ்லேட்டில் ஊசியால் குத்தும்போது தாளின் மறுபக்கம் மேடு எழும்புவதால், வலமிருந்து இடமாகக் கண்ணாடி பிம்பம்போல் எழுத வேண்டும். அச்செழுத்துப் பழகிய நாம்தான் இதற்கெல்லாம் தடுமாறுகிறோம். விரலால் மட்டுமே படிக்கப் போகிறவளுக்கு இதில் தலைகீழாக எதுவும் இல்லை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். புதிய ஆசிரியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தால் உதவியாக இருக்காதா? அக்காவுக்கு அந்தப் பயிற்சி பிடிக்காது. “கண்ணைக் கட்டிக்கிட்டா நமக்குப் பயம்தான் தெரியும். இவளுக்கு அந்தப் பயம் கிடையாது. நம்ம பயத்தைக் கொண்டாந்து இவ தலையில வெச்சிடுவோம்.”

கிளம்பும் முன் இளையவர் அம்மாவிடம் சொல்ல ஒரு பட்டியலே வைத்திருந்தார். தானே சாப்பிட வேண்டும், தானே குளிக்க வேண்டும், தலை வார வேண்டும். அக்கா அதை ஒன்றாகக் குறைத்தார். “ஏம்மா, நாங்க அடுத்த வாரம் வர்றதுக்குள்ள இவ சாப்பிட்ட தட்டை இவளே எடுத்துட்டுப் போயி கழுவுற இடத்துல வைக்கட்டும். கொட்டினா கொட்டட்டும், திட்டாதே.” பாட்டிக்கும் ஒரு வேலை கொடுத்தார்: உரித்த மல்லாட்டையில் சொத்தையைப் பொறுக்கப் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பிரெய்லி படிக்கப் போகிற விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்கிறார். ஊர் ஊராகப் போகிற ஆசிரியையின் திறமை, தான் இருக்கும் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில் இல்லை. தான் வராத ஆறு நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை எவ்வளவு சரியாகக் கணிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பட்டியல் நீண்டால் அம்மா எதையும் செய்யமாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நாள் ஆகிறது.

வெள்ளைக் கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலை இடமும் வலமும் தட்டி நடக்கும் முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்தது. அது நடைபாதை உள்ள ஊருக்கான முறை. இங்கே மண் ரோடு, ஜல்லி, கட்டிப்போட்ட மாடு. இந்த ஊர்களில் வேறொரு வசதி உண்டு. வழி சொல்லும்போது யாரும் இடது வலது என்பதில்லை. “கிழக்கால போ, கோயிலுக்குத் தெக்கால” என்பார்கள். காலையில் எந்தக் கன்னத்தில் வெயில் படுகிறது என்பதை வைத்து அக்கா பிள்ளைகளுக்குத் திசை சொல்லித்தருகிறார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலிருந்தும் இதை எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இளையவர் தன் போனை எடுத்து, திரையில் விரல் பட்ட இடத்தையெல்லாம் தமிழில் படித்துக்காட்டும் டாக்பேக்கை ஓடவிட்டார். “ஒரு பாடப்புத்தகம் பிரெய்லியில நாலஞ்சு தடிப் புத்தகமா வருதுக்கா. வந்து சேர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். இதுல இன்னைக்கே கேக்கலாம்.”

“கேக்கலாம். எழுதச் சொன்னா? கரிக்கும் கறிக்கும் காதுல என்ன வித்தியாசம்? ‘ந’ எங்க, ‘ன’ எங்கன்னு எதைத் தொட்டுத் தெரிஞ்சுக்குவா?”

“எழுதத்தான் ஆள் வெச்சுக்கலாமே, பப்ளிக் எக்ஸாம்ல.”

“பரீட்சை வரைக்கும் ஆள் எழுதுவாங்க. அதுக்கப்புறம் தன் பேரை யாரு எழுதுவா?”

இளையவர் விடவில்லை. அக்காவுக்கு ஸ்லேட்டின் மீது இருப்பது பழகிய பாசம் என்றார். எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லும் வசதியும் போனில் இருக்கிறது, பாடம் எடுப்பவர் மனசு வைத்தால் போதும் என்றார். எனக்கு இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ஆனாலும் ஏழு வயதில் விரல் பழகாவிட்டால் பிறகு பழகுவது கடினம் என்ற அக்காவின் அவசரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இளையவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கிய பிறகும் ஜன்னலுக்குக் கீழே நின்று வாதாடிக்கொண்டிருந்தார். அக்கா வெளியே எட்டி, “அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு நீ தனியாத்தான் போற. தட்டை வெச்சாளான்னு முதல்ல கேளு. போனை அப்புறமா காட்டு” என்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.